தேக்காவிலிருந்து பெருமாள் கோயில் வரை

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ சிங்கப்பூர் வந்திறங்கும் அறுபது கடந்தவர்களின் முதல் மூன்று நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. முதல் நாள் தேக்கா சந்தை, வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா கடை என்று சிராங்கூன் சாலையை ஒரே மூச்சில் சுற்றுவார்கள். ராத்திரி முழங்கால் வீங்கிக்கொள்ளும். அடுத்த இரண்டு நாள் சோபாவை விட்டு எழ மாட்டார்கள். நடந்ததால்தான் வலி வந்தது என்று தைலம் தேய்த்தபடியே முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவில்தான் பிழை இருக்கிறது. ஊரில் தெருமுனைக்குக்கூட ஆட்டோவில் போன கால், ஒரே நாளில் ஐந்தாறு கிலோமீட்டர் நடந்தது. பிறகு அடியோடு நின்றுபோனது. காலை வருத்தியது நடை அல்ல, இந்த ஏற்ற இறக்கம். அதே நடையைத் தினமும் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டிருந்தால் பெரும்பாலான மூட்டுகள் அதைத் தாங்கியிருக்கும், தேறியும் இருக்கும்.

மூட்டு வண்டிச் சக்கரம் போன்றது, ஓட ஓடத் தேயும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சக்கரத்துக்கு உயிர் இல்லை, குருத்தெலும்புக்கு இருக்கிறது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவமே அதற்கு உணவு. காலை ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, அந்தத் திரவத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. அசையாத மூட்டுக்கு இந்த உணவு குறைகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஒரு கட்டுரை, உட்கார்ந்தே வாழ்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ தேய்மானம் இருந்தது என்றும், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் அது 3.5 சதவீதம்தான் என்றும் சொன்னது. போட்டிக்காக ஓடுகிறவர்களிடம் அது 13.3 சதவீதம். இயக்கம் வேண்டும், அளவும் வேண்டும் என்று இந்த மூன்று எண்களைச் சேர்த்துப் படித்தால் புரியும். நல்ல மூட்டு உள்ளவர்கள்தானே ஓடப்போகிறார்கள், ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எண்களைக் காட்டி யாரையும் ஓடச் சொல்ல முடியாது. ஆனால் மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் உடற்பயிற்சியை முதன்மைச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டும் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதல்.

எந்த அசைவு மூட்டில் எவ்வளவு சுமை ஏற்றுகிறது என்பதும் ஊகமல்ல. பெர்லினில் ஆய்வாளர்கள், உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து உள்ளேயே அளந்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு; படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. எழுபது கிலோ எடையுள்ளவர் இறங்கும் ஒவ்வொரு படியும் முழங்காலில் சுமார் 245 கிலோ. ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்று முழங்கால் வலிக்காரர்கள் சொல்வது வெறும் பிரமை இல்லை. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையங்கள் பல ஆழமானவை. பென்கூலன் நிலையம் தரைக்குக் கீழே 43 மீட்டரில் இருக்கிறது. நிலையங்களில் மின்தூக்கி உண்டு. தெம்பு இருந்தால் சில படி ஏறலாம். இறங்குவதற்கு மின்தூக்கியைத் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அளவாக நடப்பதற்கு, தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா போல வசதியான இடம் குறைவு. தேக்காவிலிருந்து ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் சுமார் ஒரு கிலோமீட்டர். நடுவே வீரமாகாளியம்மன் கோயிலில் உட்கார்ந்து எழலாம். பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஃபேரர் பார்க் நிலையம். அங்கிருந்து ஒரே நிறுத்தத்தில் லிட்டில் இந்தியா நிலையம். நடந்து போய் ரயிலில் திரும்பலாம். நான்கு நாள் கழித்து, கால் இடம் கொடுத்தால், திரும்புவதையும் நடையாக்கலாம். கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைக்கு 1822-ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் வேர் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் அது காப்பாற்றும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரைமட்டம் மாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கண் துணிக்கடையில் இருக்கும்போதுதான் கால் தவறும். கைத்தடி வைத்திருப்பவர்கள் வலிக்காத கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள்.

ஊர் சுற்றுவதே போதாதா, பயணத்தில் தனியாகப் பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு என் பதில்: போதாது. கடை கடையாக நிற்பது தொடைத் தசையை வளர்க்காது. முழங்காலுக்கு முட்டுக்கொடுப்பது அந்தத் தசைதான். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, உட்கார்ந்தபடியே காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சின்னக் கூடமே இதற்கு அதிகம். பல குடியிருப்புகளில் புளோக்கின் கீழேயே முதியோருக்கான உடற்பயிற்சி மூலையும் இருக்கிறது. பத்தாயிரம் அடி கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. அமெரிக்க மூதாட்டிகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது.

விடியற்காலை நடை ஊரில் சிலருக்குப் பழக்கம்; இங்கே அது முதல் வாரம் சரிப்படாது. 1982 முதல் சிங்கப்பூர் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை ஏழு மணிக்குப் பொழுது விடியும்போது ஊர்க்கணக்கில் நாலரைதான். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுவதைவிட, மாலை ஆறுக்கு மேல் வெயில் தணிந்ததும் கிளம்புவது நல்லது. நடையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது: மார்பளவு நீரில் நின்றால் கால் தாங்குவது உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். நீந்தத் தெரிய வேண்டாம், பொது நீச்சல் வளாகத்தில் ஆழமில்லாத பக்கமாக நடந்தாலே போதும். புடவையோடு இறங்க முடியாதுதான். உடலை மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன. பூங்காக்களில் சீன முதியவர்கள் செய்யும் தாய்ச்சியும் வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமல்ல. முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டு வாரத் தாய்ச்சி இயன்முறைச் சிகிச்சைக்கு ஈடான பலன் தந்தது.

மூட்டு சிவந்து சூடாக இருந்தாலோ, திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் ஓர் எளிய கணக்கு உதவும்: பயிற்சியால் கூடிய வலி மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி, வராவிட்டால் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. இதைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்குக் கால் வலி என்று வாசலிலேயே டாக்சியை வரவழைப்பது பாசத்தில்தான். ஆனால் தேக்காவில் காய்கறி வாங்க அவரைக் கூட்டிப்போய், பையைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, அவர் வேகத்திலேயே பக்கத்தில் நடந்துவருவதும் பாசம்தான். அதில் முழங்காலுக்கும் பங்கு கிடைக்கிறது.