எண்டர் தட்டும் முன் ஒரு நிமிஷம்: கமாண்ட் லைன் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஏதோ ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று ஒரு பெட்டி வருகிறது. வழக்கமாக பஸ் எங்கே, டிராஃபிக் சிக்னல் எங்கே என்றுதான் கேட்கும். இது வேறு மாதிரி. "விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனை அழுத்துங்கள், அப்புறம் கண்ட்ரோல்-வி, கடைசியாக எண்டர்" என்கிறது. மேக் கம்ப்யூட்டராக இருந்தால் டெர்மினலைத் திறந்து பேஸ்ட் செய்யச் சொல்கிறது.

மூணே ஸ்டெப் தானே என்று செய்துவிட்டால், என்னவென்றே தெரியாத ஒரு கட்டளையை உங்கள் கம்ப்யூட்டருக்கு நீங்களே கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தக் கட்டளை எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த மோசடி நம்மிடம் பலிக்காது. அதற்காகத்தான் இந்தக் கேள்வி-பதில்.

கமாண்ட் லைன் என்றால் என்ன? ஷெல் என்றால் என்ன?

போனில் நாம் ஐகானைத் தொட்டு வேலை வாங்குகிறோம். கமாண்ட் லைனில் அதே வேலையை எழுதி வாங்குகிறோம். நாம் எழுதும் வரியைப் படித்து, கம்ப்யூட்டரிடம் சொல்லி, பதிலைத் திரையில் காட்டும் மென்பொருள்தான் ஷெல்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி உள்ளிட்டோர் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதே பாணியில் லினக்ஸை வெளியிட்டார். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே லினக்ஸ்தான். இணையத்தில் நாம் பயன்படுத்தும் பல சேவைகளின் சர்வர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

போனிலேயே பழகிப் பார்க்க முடியுமா?

முடியும். ஆண்ட்ராய்டில் 'டெர்மக்ஸ்' என்ற இலவச செயலி இருக்கிறது. போனை 'ரூட்' செய்யத் தேவையில்லை. ரூட் செய்யச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் கேட்காதீர்கள். ஸ்டோரேஜ் அனுமதி கொடுக்காதவரை டெர்மக்ஸால் உங்கள் போட்டோக்களைத் தொட முடியாது. அதனால் பயமில்லாமல் பழகலாம்.

முதலில் நான்கு கட்டளைகள் போதும். நாம் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று காட்டுவது 'பிடபிள்யூடி'. அதில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவது 'எல்எஸ்'. வேறு ஃபோல்டருக்குப் போக 'சிடி'. புது ஃபோல்டர் உருவாக்க 'எம்கேடிஐஆர்'. எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

சரியாகத்தான் டைப் செய்தேன், ஆனால் எரர் வருகிறதே?

பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்.

ஒன்று, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம். போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிட்டால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வரும்.

இரண்டு, பெயருக்கு நடுவில் இடைவெளி. 'ரேஷன் கார்டு' என்று ஒரு ஃபைல் இருந்தால், ஷெல் அதை 'ரேஷன்', 'கார்டு' என்று இரண்டு ஃபைல்களாகப் படிக்கும். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் சரியாகிவிடும்.

மூன்று, 'பெர்மிஷன் டினைட்'. அந்த ஃபைலைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை என்று பொருள். உடனே 'சுடோ' போட்டுத் திரும்ப ஓட்டு என்று பலர் சொல்வார்கள். சுடோ என்பது நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டுவது. ஏன் தடுத்தது என்று புரிந்துகொள்ளாமல் அதைப் போடாதீர்கள்.

அழித்த ஃபைலைத் திரும்ப எடுக்கலாமா?

போன் கேலரியில் அழித்த போட்டோ கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஷெல்லில் 'ஆர்எம்' கட்டளைக்குக் குப்பைத்தொட்டியே கிடையாது. "நிச்சயமாக அழிக்கவா?" என்றும் பொதுவாகக் கேட்காது.

ஒரே ஒரு இடைவெளி என்ன செய்யும் தெரியுமா? நட்சத்திரக் குறிக்கு 'எதுவாக இருந்தாலும்' என்று அர்த்தம். 'ஆர்எம் பழைய*' என்றால் 'பழைய' என்று தொடங்கும் ஃபைல்கள் மட்டும் போகும். கை தவறி 'பழைய' என்பதற்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஸ்பேஸ் விழுந்தால், அந்த ஃபோல்டரில் உள்ள அத்தனை ஃபைலும் போய்விடும்.

அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் இன்ஜினியர் ஒருவர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். வழக்கமான பேக்கப்களும் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

ஷெல் ஸ்கிரிப்ட் நமக்கு எதற்கு?

சுய உதவிக் குழுவின் கணக்குக்காக 300 ரசீது போட்டோக்கள் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வாரியாகப் பிரித்து, பெயர் மாற்றி வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் ஒரு நாள் போய்விடும். அந்தக் கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். ஒருமுறை எழுதினால் மாசா மாசம் ஓட்டலாம்.

இதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பெயர் மாற்றும், நகர்த்தும், அழிக்கும் கட்டளைகளுக்கு முன்னால் முதல் தடவை 'எக்கோ' என்று சேர்த்து ஓட்டுங்கள். ஷெல் எதையும் மாற்றாது. என்ன செய்யப் போகிறது என்பதை மட்டும் எழுதிக் காட்டும். சரியாக இருந்தால் எக்கோவை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.

யாரோ அனுப்பிய கட்டளையை பேஸ்ட் செய்யலாமா?

வரிக்கு வரி அர்த்தம் தெரியாமல் செய்யாதீர்கள். தொடக்கத்தில் பார்த்த 'ரோபோ' பெட்டி, கிளிப்போர்டில் ஒரு கட்டளையை ரகசியமாக வைத்துவிடும். அதை நீங்கள் ஓட்டினால் வேறொரு சர்வரிலிருந்து மென்பொருள் இறங்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் திருடு போகலாம். நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்க எந்த உண்மையான தளமும் கட்டளை ஓட்டச் சொல்லாது.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லி, 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

நினைவில் கொள்ள:

• எந்தக் கட்டளைக்கும் முன் 'பிடபிள்யூடி' போட்டு, இருக்கும் இடத்தை உறுதி செய்யுங்கள்.
• 'ஆர்எம்' போடும் முன் அதே பெயரோடு 'எல்எஸ்' போட்டுப் பாருங்கள். எது அழியப் போகிறது என்று தெரிந்துவிடும்.
• முக்கியமான ஃபைல்களின் நகலை வேறொரு இடத்தில் வையுங்கள். அந்த நகல் திறக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.
• புரியாத கட்டளை எதுவானாலும், யார் சொன்னாலும், எண்டர் தட்டாதீர்கள்.