ஒரே தோற்றம், இரு குறித்தொடர்: ‘ஶ்ரீ’ எழுத்தும் பின்னோக்கிய ஒத்திசைவும்

1. சிக்கல்

திருப்பதியை அடுத்த திருச்சானூரில் கோயில் கொண்டுள்ள பத்மாவதி தாயாரின் பெயர் தமிழ்ப் பனுவல்களில் ‘ஸ்ரீ’ என்னும் அடையுடன் எழுதப்படுவது பெருவழக்கு. கணிப்பொறியில் இவ்வடையை இரு வகையாகப் பதிக்க இயலும்: ஒன்று ஸகரத்தில் தொடங்குவது, மற்றொன்று ஶகரத்தில் தொடங்குவது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே கூட்டெழுத்தாகவே காட்டுகின்றன. கண்ணுக்கு வேறுபாடில்லை, கணிப்பொறிக்கோ இவை இரு வேறு சொற்கள். ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றொன்று அகப்படாது போகலாம். சொல்லடைவில் ஒரே சொல் இரண்டாகப் பிரியும். மொழிபெயர்ப்பு நினைவகம் முன்னரே பெயர்த்த தொடரைப் புதியதெனக் கொள்ளும்.

2. இருமையின் தோற்றம்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்தியத் தரமாகிய இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியது. அதன் தமிழ்ப் பகுதியில் ஶகரம் இடம்பெறவில்லை. அதற்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டது. ஆகவே இக்கூட்டெழுத்தை ஸகரம் (பதின்ம எண் 3000), புள்ளி (3021), ரகரம் (2992), ஈகாரக் குறி (3008) என்னும் தொடரால் எழுத நேர்ந்தது. திஸ்கி முறையில் இக்கூட்டெழுத்துக்குத் தனிக் குறியிடம் ஒன்று இருந்தமையால் அங்கு இவ்விடர்ப்பாடு எழவில்லை.

2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பு ஶகரத்தை 2998ஆம் இடத்தில் சேர்த்தது. அது முதல் ஶகரத்தில் தொடங்கும் தொடரே தக்கதாயிற்று. ஒலியியல் நோக்கில் இதுவே பொருந்தும். தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றின் தொடக்கமாகிய ‘ஸ்வஸ்தி ஶ்ரீ’ என்னும் மங்கலத் தொடரில் ஸகரமும் ஶகரமும் தனித்தனியே நிற்றல் காண்க.

3. பரிந்துரையும் ஏற்பும்

மென்பொருள் துறையில் ஒரு கூற்றினை ‘வழக்கு நீக்கம்’ செய்தல் என்பது அதனை அழித்தல் அன்று. ‘இனி எழுதுவோர் இதனைப் பயன்படுத்தற்க’ என்னும் அறிவிப்பே அது. பழையதைப் படிக்கும் திறன் தொடர்ந்து காக்கப்படும். இக்காப்பே பின்னோக்கிய ஒத்திசைவு எனப்படும். எழுதுவோர்க்கான பரிந்துரை வேறு; படிக்கும் கருவிக்கான ஏற்பு வேறு. ‘ஶ்ரீ’ வகையில் பரிந்துரை மட்டுமே மாறியது. இரு தொடர்களும் மிகுதியாக வழங்குவதால் இரண்டையும் சமமாகக் கொள்ளுமாறு ஒருங்குறித் தரநூல் அறிவுறுத்துகிறது.

ஆயினும் இச்சமன்மை தானே அமைவதன்று. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவோ (3018), எகரக் குறி (3014), கால் (3006) என இரண்டாகவோ பதிக்கலாம். ஒருங்குறியின் இயல்பாக்க விதி இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஸகரத் தொடரையும் ஶகரத் தொடரையும் அவ்விதி இணைப்பதில்லை. ஒருமுறை வெளியிட்ட இயல்பாக்கத்தை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் நிலைப்புக் கொள்கையாதலின், பின்னர் இணைத்தலும் இயலாது. அப்பொறுப்பு தேடுகருவியை அமைப்போரைச் சார்கிறது.

1978ஆம் ஆண்டுத் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் இதற்கு மறுதலையானது. அங்கு ‘ணா’, ‘லை’ முதலியவற்றின் வரிவடிவம் மாறியது, எழுத்து மாறவில்லை. பழைய வடிவம் எழுத்துருவைப் பொறுத்ததாதலின், குறியேற்றத்தில் பிளவு நேரவில்லை. இங்கோ வடிவம் மாறாதிருக்க, குறித்தொடர் மாறியுள்ளது. படிப்போர் கண்ணுக்குப் புலப்படாமையே இதன் இடர்.

4. கையாளும் முறை

பழைய கோப்புகளில் ‘ஸ்ரீ’ வருமிடமெல்லாம் ஶகரத்தை இட்டு நிரப்புவது எளிய தீர்வாகத் தோன்றும். அது பிழைக்கு இடந்தரும். ‘நியூஸ்ரீல்’ என்னும் கடன்சொல்லில் வரும் ஸகரம் உண்மையான ஸகரமே. அதனை ஶகரமாக்கினால் சொல் சிதையும். மேலும், பழைய தொடர் அக்கோப்பு எந்த மரபில் பதிக்கப்பட்டது என்பதை உணர்த்தும் சான்றாகவும் அமையக்கூடும்.

எனவே மூலத்தை உள்ளவாறே காத்து, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதே தக்கது. புதிய பனுவல்களில் ஶகரத் தொடரை எழுதலாம். சொல்லடைவின் முன்னுரையில் இரு தொடர்களும் இணைத்து எண்ணப்பட்டமையைக் குறிப்பிடல் வேண்டும். காலத்தால் வரும் மாற்றம் வழுவன்று என்பது நன்னூலார்க்கும் உடன்பாடு. ஆயின் கழிந்த வழக்கினைப் படிக்கும் ஆற்றலையும் உடன் கழித்துவிட்டால், திருச்சானூர்த் தாயாரின் பெயரைத் தேடுவோர் கிடைத்த பாதியையே முழுமையெனக் கொள்ள நேரும்.