சிவகாசி ராக்கெட்டுக்குக் குச்சி எதற்கு, தெரியுமா?

தீபாவளி ராக்கெட்டில் ஒட்டியிருக்கும் நீளக் குச்சி, பாட்டிலில் நிறுத்தி வைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அதுதான் ராக்கெட்டின் சுக்கான்! குச்சி இல்லாவிட்டால் எந்த வீட்டு மாடிக்குள் நுழைவோம் என்று ராக்கெட்டுக்கே தெரியாது. (சோதித்துப் பார்க்காதீர்கள், அக்கம்பக்கத்தார் பாவம்.) வால் பக்கத்தைக் காற்று பின்னுக்கு இழுக்க, மூக்கு நேரே நிற்கிறது. இஸ்ரோவின் ஆர்எச்-200 ராக்கெட்டில் இதே வேலையைச் செய்பவை வால் துடுப்புகள். அதிலும் பாதையைத் திருத்தும் கருவி கிடையாது. சாய்த்து வைத்த கோணத்தை நம்பியே வானத்தில் 70 கிலோமீட்டருக்கு மேல் ஏறிவிடும்!

விருதுநகர் மாவட்டத்து விமானப் பைத்தியங்களுக்கு ஒரு குறை உண்டு. பயணிகள் விமானம் ஏறி இறங்குவதைப் பார்க்க மாவட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் ராக்கெட் எஞ்சின்? அது சிவகாசியில் டஜன் கணக்கில் பெட்டிக்குள் கிடக்கிறது!

காகிதக் குழாய். அடிவாயில் களிமண் அடைப்பு. அதில் ஒரு சின்னத் துளை. உள்ளே வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த மருந்து. பழைய கணக்கு 75:15:10. மருந்தைக் கெட்டித்தாலும் நடுவில் குழிவு விட்டிருப்பார்கள். ஏன் தெரியுமா? குழிவின் சுவர் முழுக்க ஒரே நேரத்தில் தீப்பிடித்தால்தான் ராக்கெட்டைத் தூக்கும் அளவுக்கு வாயு பீறிடும். சந்திரயான்-3ஐச் சுமந்துபோன எல்விஎம்3 ராக்கெட்டின் இரு பக்கமும் நின்ற எஸ்200 பூஸ்டர்களைத் திறந்து பார்க்க முடிந்தால் அங்கேயும் நடுவில் குழிவுதான்! ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். அதில் அலுமினியப் பவுடரும் உண்டு. ஆமாம், மத்தாப்பில் வெள்ளைப் பொறி பறக்க வைக்கும் அதே அலுமினியம்.

இன்னொன்று: வானத்தில் பூப்பூவாய் விரியும் ஃபேன்சி ஷாட் ராக்கெட்டே அல்ல! அது பீரங்கிக் குண்டின் தம்பி. அடியில் வெடிக்கும் மருந்து ஒரே உதையில் மேலே அனுப்பிவிடும். போகிற வழியில் தள்ளிவிட எஞ்சின் கிடையாது. ராக்கெட் மட்டும்தான் தன் எஞ்சினைத் தானே சுமந்துகொண்டு ஏறுகிறது.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்க் கற்றுவந்தது தீப்பெட்டித் தொழில். பட்டாசு அதன் பின்னால் வந்தது. ஆனால் தமிழ் மண்ணில் ராக்கெட் அதற்கு வெகுமுன்பே பறந்திருக்கிறது, தெரியுமா? 1780ல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் மைசூரின் ஹைதர் அலி படையின் ராக்கெட்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கலங்கடித்தன. அவற்றின் ரகசியம் இரும்புக் குழாய். காகிதம் கிழிந்துபோகும் அழுத்தத்தையும் இரும்பு தாங்கும். அதனால் வீச்சும் கூடும். ஹைதரின் மகன் திப்பு சுல்தானின் படையைக் காட்டும் ஓவியம் ஒன்று அமெரிக்காவின் வாலப்ஸ் ராக்கெட் தளத்தில் மாட்டியிருந்ததை அப்துல் கலாம் பார்த்து வியந்திருக்கிறார்!

இப்போது தெற்கே வாருங்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ திரவ எஞ்சின்களைத் தரையிலேயே கட்டிப்போட்டு எரித்துச் சோதிக்கிறது. குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் 28-2-2024 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றே அங்கிருந்து ஓர் ஆர்எச்-200ம் பறந்தது. குலசை ஏன் என்கிறீர்களா? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கையின் தலைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும். வளைந்தால் எரிபொருள் செலவு. குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான்!

கடைசியாக நிறம். ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் சிவப்பு, பேரியம் சேர்த்தால் பச்சை. பேரியத்துக்கு 2018ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதும் பட்டாசுக்காரர்கள் தவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வேதியியலில் பெரிய சவால் நீலம். அதைத் தருவது செம்பு. சூடு கொஞ்சம் ஏறினாலும் நிறம் தரும் சேர்மம் சிதைந்து நீலம் வெளுத்துவிடும். அடுத்த தீபாவளிக்கு வானத்தில் அப்பழுக்கில்லாத நீலம் விரிந்தால், வெடித்தவரை விட்டுவிட்டு மருந்து கலந்தவருக்குக் கைதட்டுங்கள்!