யந்திரமும் வேலையும்: சட்டம் சொல்வது என்ன?

"யந்திரம் வந்தால் வேலை போய்விடும்" என்பது ஒரு கருத்து. "சட்டம் ஏட்டில் இருக்கிறது, அதனால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை" என்பது மற்றொன்று. "எல்லோரும் சேர்ந்து நின்றால் எதையும் தடுத்துவிடலாம்" என்பது மூன்றாவது. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் நம்மவர் இருவர் நின்று பேசினால் இம்மூன்றில் ஒன்றேனும் காதில் விழாமற் போகாது. சுருக்கெழுத்தையும் தட்டச்சையும் கணக்கையும் கைம்முதலாகக் கொண்டு இந்நகருக்கு வந்த தமிழர் பலர். ஆகவே இக்கருத்துக்களை நிறுத்துப் பார்ப்பது நமக்கு இன்றியமையாததாகும்.

முதற் கருத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி 1950-களின் நடுவில் இந்நகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கே வந்து சேர்ந்தது. அது ஆராய்ச்சிக்கு உதவ வந்த பொறி. 1960-களின் பிற்பகுதியில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் அலுவலக வேலைக்கென ஒரு கணிப்பொறியை இங்கே நிறுவ முற்பட்டபோதோ நிலைமை வேறாயிற்று. இலாக்கோ மாளிகையில் ஊழியர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் காவல் இருந்தனர். எழுத்தர் வேலையை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்ந்த நகரில் அவ்வச்சம் காரணமற்றது அன்று.

ஆயினும் கணிப்பொறி பின்னர் எங்கும் வரவே செய்தது. வங்கித் துறையில் அது எவ்வாறு வந்தது என்பதே நாம் கவனிக்கத்தக்கது. 1983-லும் 1987-லும் வங்கிகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் கூடிப் பேசி, உடன்படிக்கை எழுதிய பின்னரே பொறிகள் பரவின. இதற்கு அடிப்படையான நெறி 1957-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் மாநாட்டிலேயே வகுக்கப்பட்டிருந்தது. இருக்கும் ஊழியரை நீக்கலாகாது. அவர் ஊதியம் குறையலாகாது. வரும் ஆதாயத்தை முதலாளி, தொழிலாளி, சமுதாயம் ஆகிய மூவரும் நியாயமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பன அந்நெறியின் கூறுகள்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். ஆட்குறைப்பு நேரக்கூடிய வகையில் புதிய தொழில்முறையைப் புகுத்த விரும்பும் முதலாளி, பாதிக்கப்படும் தொழிலாளருக்கு முன்னறிவிப்புத் தந்து, 21 நாள் கழித்தே அதனைச் செய்ய வேண்டும் என்ற விதி 1956-இல் தொழிற் தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அதன் 40-ஆம் பிரிவாக இவ்விதி இடம்பெற்றுள்ளது. இது யந்திரத்தைத் தடுக்கும் விதி அன்று. மாற்றத்தை முன்கூட்டி அறியவும், அதுபற்றித் தகராறு எழுப்பவும், சமரசம் நாடவும் அவகாசம் அளிக்கும் விதி. நிர்வாகப் பொறுப்பிலுள்ளோரும், அடிப்படை விதிகளுக்குட்பட்ட அரசு ஊழியரும் இதன் கீழ் வாரார். மத்திய அரசு ஊழியருக்கு 1966-இல் ஏற்பட்ட கூட்டு ஆலோசனை அமைப்பே வழி.

மூன்றாவது கருத்துக்கு இந்நகரின் உயர் நீதிமன்றமே விடை கூறியிருக்கிறது. 1967-இல் 'கேராவ்' எனப்படும் முற்றுகை இங்கே பரவிற்று. முற்றுகை நேர்ந்தால் தொழிலமைச்சரைக் கேட்ட பின்னரே காவலர் தலையிட வேண்டும் என்று அன்றைய மாநில அரசு சுற்றறிக்கை விடுத்தது. ஜெய் என்ஜினீயரிங் வழக்கில் நீதிமன்றம் அச்சுற்றறிக்கை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. வேலைநிறுத்தம் செய்ய உரிமையுண்டு. ஒருவரை அறையில் அடைத்து வைக்க உரிமையில்லை என்பதே அதனால் நாம் அறிய வேண்டுவது.

இக்கேள்விகள் இன்று மொழிபெயர்ப்பாளராகிய எம் மேசைக்கும் வந்துவிட்டன. பத்துப் பக்கங்களை நொடியில் பெயர்த்துத் தரும் பொறிகள் உள்ளன. ஆனால் மூலத்தில் 'செய்தல் வேண்டும்' என்றிருப்பது 'செய்யலாம்' என மாறிவிடின், ஒருவரது ஓய்வூதியமே தடைப்படக்கூடும். அதற்குப் பொறியைக் கூண்டில் ஏற்ற இயலாது. கையொப்பமிட்டவரே விடை கூற வேண்டும். பொறி வேகத்தைத் தருகிறது. சரிபார்க்கும் கடமையோ நம்மிடமே இருக்கிறது. அக்கடமைக்கு உரிய நேரத்தை அலுவலகம் ஒதுக்குகிறதா என்பதே இன்று கேட்க வேண்டிய கேள்வி.

எனவே, உங்கள் அலுவலகத்தில் புதிய பொறி வரவிருப்பதாகச் செய்தி எட்டினால் வதந்தியை நம்பி வருந்த வேண்டா. எந்த வேலை மாறும், எவர் பயிற்சி தருவார், பிழைக்குப் பொறுப்பாளர் யார் என்ற மூன்றையும் எழுத்து மூலம் கேளுங்கள். விடையும் எழுத்திலேயே வரட்டும்.