கடையாகப் பிறந்த தலைநகர்!

தீபாவளிக்குத் துணி எடுக்கத் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்து, மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் நடந்திருப்பீர்கள். அங்கே பாலத்தில் ஒரு நிமிடம் நின்று கீழே பார்த்ததுண்டா? கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கின்றன. இந்த மாநகரம் பிறந்தது அந்த இடத்தில்தான். அரண்மனையாக அல்ல, கோட்டையாகவும் அல்ல, பலசரக்குக் கடையாக!

1857ஆம் ஆண்டு. கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி கடன் வாங்கி, 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேட ஆற்றில் அனுப்பினார். இரண்டு ஆறுகளும் கூடும் இடத்துக்கு மேலே படகு போகவில்லை. இறங்கி, காட்டு வழியே அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 18 பேர். மற்றவர்களை மலேரியாக் காய்ச்சல் வாரிக்கொண்டது.

காடழித்துப் பால்மரம் நட்ட நம் பாட்டன்மார் கதையும் இதுதானே! கொய்னா மருந்தின் கசப்பைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ராஜாக்கள் பெயரிலும் காப்பித்தான்கள் பெயரிலும் சாலைகள் உண்டு. அந்த 69 பேருக்காக ஒரு சந்துகூட நான் கண்டதில்லை.

காய்ச்சலுக்காக ஈயத்தை விட்டுவிடுவார்களா? இன்னும் 150 பேரை அனுப்பினார்கள். 1859இல் முதல் ஈயம் வெளியே போயிற்று. லுக்குட்டிலிருந்து வந்த ஹியூ சியூ, ஆ சே என்ற இரு வியாபாரிகள், படகு நிற்கும் இடத்திலேயே கடை போட்டார்கள். லம்பத்துக்காரர்களுக்கு வேண்டிய சாமான்களைக் கொடுத்து, பதிலுக்கு ஈயத்தை வாங்கிக்கொண்டார்கள். பற்று எழுதிச் சாமான் வாங்கிய தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புரியும். லாபம் மண்ணை வெட்டியவனைவிட, தராசு பிடித்தவன் பக்கமே அதிகம் சாயும்.

உலகின் மறுகோடியிலும் இதே கதை நடந்திருக்கிறது. கனடா நாட்டில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஆற்றங்கரையில் கிடங்கு கட்டி, பூர்வகுடிகளுக்குக் கம்பளியும் கத்தியும் கொடுத்து நீர்நாய் போன்ற பிராணிகளின் தோலை வாங்கின. 1795இல் அப்படி எழுந்த ஒரு கிடங்கின் வழியில் வளர்ந்ததே இன்றைய எட்மண்டன் நகரம். அங்கே தோல், இங்கே ஈயம்!

மேலே இறக்கிய ஈயம் கடலுக்குப் போகக் கிள்ளானைத் தாண்டியாக வேண்டும். அங்கே ராஜா அப்துல்லா ஒரு கிடங்கு கட்டி ஈயமும் உணவும் ஆயுதமும் சேர்த்து வைத்தார். ஆற்று வாயைப் பிடித்தவன் கையில் வரி. சும்மா விடுவார்களா? 1867இல் ராஜா மஹாடி கிள்ளானைக் கைப்பற்றினார். உள்நாட்டுப் போர் 1873 வரை நீடித்தது. கோலாலம்பூரும் எரிந்தது. காப்பித்தான் யாப் ஆ லோய் அதைத் திரும்பக் கட்டினார்.

1880இல் ஆங்கிலேயர் தலைநகரைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். மறு வருடமே தீ, பிறகு வெள்ளம். அத்தாப்புக் கூரையும் மரமும் இனி உதவாது என்று செங்கல்லுக்கு மாறினார்கள். சூளைகள் எழுந்த இடம்தான் நம் பிரிக்பீல்ட்ஸ்.

1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. நம்மவர்கள் இந்தக் கதையில் திரளாக நுழைவது இங்கேதான். தம்புசாமிப் பிள்ளை தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களை வரவழைக்க உதவினார். மண் வெட்டிக் கட்டை அடுக்கித் தண்டவாளம் போட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகள் தமிழ்க் குடும்பங்களால் நிறைந்தன. படகுகளுக்கு வேலை போயிற்று.

ராஜா அப்துல்லாவின் கிடங்கு போலீஸ் நிலையமாயிற்று, பிறகு ஈய அருங்காட்சியகமும் ஆயிற்று. கட்டடம் இன்றும் தென்கிள்ளானில் நிற்கிறது. அடுத்த முறை கிள்ளானுக்குப் போனால் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.