நடைபாதையின் ஆறடி

பெங்களூரு இந்திரா நகரில் காலை எட்டரை மணி. நூறடிச் சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றின் நடைபாதையில், இளைஞர் ஒருவர் நின்ற நிலையிலேயே மிதந்து செல்கிறார். கால்களுக்கு இடையே ஒரே ஒரு சக்கரம். கைப்பிடி இல்லை, இருக்கை இல்லை, ஓசையும் இல்லை. அவருக்குப் பத்து மீட்டர் முன்னே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயில் திறக்கிறது. காவலாளி சாலைக்கு ஓடிவந்து, வருகின்ற ஆட்டோக்களைக் கைகாட்டி நிறுத்துகிறார். நடைபாதையின் பக்கம் அவர் திரும்புவதில்லை. மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு காரின் முகப்பு மெல்ல வெளியே வருகிறது.

இந்நகரில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய காட்சிதான் இது. பெரும்பாலும் ஒரு திடுக்கிடலோடும் இரண்டு கடுஞ்சொற்களோடும் முடிந்துவிடுகிறது. அப்படி முடியாத நாளில் நேர்வது என்ன, அதனைத் தவிர்ப்பது யார் கையில் இருக்கிறது என்பதைச் சற்றே நிதானமாகப் பார்க்கலாம்.

ஒற்றைச்சக்கர மின்வண்டியை ‘சோலோவீல்’ என்னும் பெயரில் 2011ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியவர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஷேன் சென் என்ற கண்டுபிடிப்பாளர். வண்டிக்குள் இருக்கும் உணரிகள் உடலின் சாய்வை நொடிதோறும் அளக்கின்றன. முன்னே சாய்ந்தால் ஓடும். பின்னே சாய்ந்தால் வேகம் தணியும். தனியாகப் பிரேக் என்று ஒன்று கிடையாது, மோட்டாரே பிரேக். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டி நிற்கவேண்டுமானால், ஓட்டுபவரின் எடை சக்கரத்துக்குப் பின்னே செல்லவேண்டும். அந்தச் சாய்வு கைகூடிய பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும். கைப்பிடியை இறுக்கிச் சட்டென்று நிறுத்தும் மிதிவண்டிப் பழக்கம் இங்கே உதவாது. பதறிப் பின்வாங்கினால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

அதை ஓட்டுபவர் ஏன் நடைபாதையில் ஏறுகிறார் என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. சிறிய சக்கரத்துக்குச் சாலைக் குழிகள் எமன். பின்னால் பேருந்து, பக்கத்தில் தண்ணீர் லாரி. நெரிசல் வேளையில் ஸ்கூட்டர்களே கூச்சமின்றி நடைபாதையில் ஏறிச்செல்லும் ஊரில், ஒற்றைச்சக்கரக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது.

இனி வாயிலுக்கு வருவோம். நடைபாதையில் தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டி கூறுகிறது. ஏறத்தாழ ஆறடி. ஒரு சாதாரணக் காரில் ஓட்டுநரின் கண்ணுக்கும் வண்டியின் முன்விளிம்புக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் இரண்டு மீட்டர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மதிற்சுவர் தெருவின் விளிம்பிலேயே நிற்கும்போது, ஓட்டுநரின் கண் சுவரைக் கடந்து நடைபாதையை இருபுறமும் பார்க்கும் வேளையில், காரின் முகப்பு அந்த ஆறடியையும் கடந்து முடித்திருக்கும். அவர் கவனக்குறைவானவர் என்பதால் நேர்வதன்று இது. எவ்வளவு கவனமானவருக்கும் பார்வை தாமதமாகவே வருகிறது.

மறுபக்கம் வருபவருக்கு எஞ்சியிருப்பது நேரம் மட்டுமே. ஆபத்தைக் கண்டு உடல் செயல்படத் தொடங்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் அந்த நொடியில் 1.4 மீட்டர் நகர்வார். 10 கி.மீ. வேகத்தில் 2.8 மீட்டர். 25 கி.மீ. வேகத்தில் வருபவர் ஏறத்தாழ 7 மீட்டர் சென்றுவிட்டிருப்பார். அதுவும் நிறுத்தத் தொடங்கும் முன்னரே. நடப்பவர் ஒரு காலடியில் நின்றுவிடும் இடத்தில், மின்வண்டியில் வருபவர் காரின் கதவை அடைந்துவிடுகிறார்.

நூறடிச் சாலை போன்ற வணிகத் தெருக்களில் நிலைமை இன்னும் மோசம். கடைகளின் முன்வெளியே வாகன நிறுத்தமாகிவிட்டதால், கார்கள் பின்னோக்கியே நடைபாதையைக் கடந்து வெளியேறுகின்றன. அங்கே ஓட்டுநரின் கண்ணுக்கு முன்பாகவே வண்டியின் பின்பகுதி முழுவதும் நடைபாதைக்கு வந்துவிடுகிறது.

சட்டம் இதில் குழப்பமின்றிப் பேசுகிறது. மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017, நடைபாதை உள்ள சாலைகளில் அதன்மேல் வாகனம் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. சீருடையிலுள்ள காவலர் பணித்தாலோ, அனுமதிக் குறியீடு இருந்தாலோ மட்டுமே விலக்கு. மின்வண்டிகளைப் பொறுத்தவரை, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருப்பவற்றுக்கே மத்திய மோட்டார் வாகன விதிகள் ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையிலிருந்து விலக்கு அளிக்கின்றன. இன்று விற்பனையாகும் ஒற்றைச்சக்கர வண்டிகளுள் பல அந்த எல்லையை எளிதாகத் தாண்டுபவை.

நடப்பவரின் உரிமையை நீதிமன்றங்களும் உறுதி செய்திருக்கின்றன. நடைபாதை உள்ளிட்ட தெருக்கள் நல்ல நிலையில் இருப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமையின் பகுதி என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் கூறியது. அப்போது அதன் தலைமை நீதிபதியாக இருந்த அபய் எஸ். ஓகா, பின்னர் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து, 2025 மே மாதம் நாடு முழுமைக்கும் அதே கருத்தை வழங்கினார். அவ்வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர்.

சிங்கப்பூர் இதே சிக்கலைப் படிப்படியாகக் கையாண்டு பார்த்தது. தொடக்கத்தில் நடைபாதையில் மின் ஸ்கூட்டர்களை அனுமதித்தது. 2019இல் வேக எல்லையை மணிக்கு 15 கி.மீ.யிலிருந்து 10 ஆகக் குறைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மின் ஸ்கூட்டருடன் மோதிய விபத்தில், மிதிவண்டியில் சென்ற 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார். நவம்பரில் மின் ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்து முற்றாக விலக்கப்பட்டன. 2020 ஏப்ரலில் ஒற்றைச்சக்கர வண்டிகளுக்கும் அத்தடை விரிந்தது. ஆனால் அவற்றுக்கென மிதிவண்டிப் பாதைகள் அங்கே இருந்தன, மேலும் அமைக்கவும்பட்டன. பெங்களூரில் இறங்கு என்று சொல்வது எளிது. எங்கே இறங்குவது என்பதுதான் கேள்வி.

ஆகவே, நடைபாதையில் ஏறியே தீருபவர் நடப்பவரின் வேகத்துக்கு இறங்கவேண்டும். மதிலை ஒட்டிச் செல்லாமல் சாலையோர விளிம்பை ஒட்டிச் சென்றால், வெளிவரும் காரை ஒன்றரை மீட்டர் முன்னதாகவே காணலாம். (அந்த விளிம்பில்தான் மரமும் மின்மாற்றியும் நிற்கின்றன என்பது வேறு வருத்தம்.) ஒரு வியப்பு: மின்வண்டியின் மிதியில் நிற்பவரின் தலை மதிலுக்கு மேலே தெரிகிறது, குழந்தையின் தலை தெரிவதில்லை. காரில் இருப்பவர் வாயிலுக்கு உட்புறமே முழுமையாக நின்று, ஒலி எழுப்பி, பிறகு அங்குலம் அங்குலமாக வெளிவருவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு குவியாடி, மதிலின் மூலையில் சற்றே தாழ்த்திய சுவர், நடைபாதையை நோக்கி நிற்கும் காவலாளி: குடியிருப்போர் சங்கத்தின் ஒரு மாதக் கூட்டத்தில் முடிவு செய்துவிடக்கூடியவை இவை. வாயிலுக்காக நடைபாதையை உடைத்துச் சரிவு அமைப்பதையும் அக்கூட்டத்திலேயே மறுக்கலாம். நடைபாதை மட்டம் மாறாமல் தொடர, வாகனமே ஏறி இறங்கவேண்டும் என்பதுதான் மேற்சொன்ன வழிகாட்டியின் நெறி.

பணத்தின் பக்கமும் ஒன்று உண்டு. இவ்விதழின் வாசகர்கள் அதனை அறிந்திருப்பது நல்லது. நடைபாதையில் கார் ஒருவரை மோதினால், கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு இழப்பீட்டுக்குத் துணைநிற்கும். பதிவெண் தாங்கிய ஒற்றைச்சக்கர மின்வண்டியையோ நாம் சாலையில் காண்பதில்லை. பதிவு இல்லாத வண்டிக்கு அத்தகைய காப்பீடும் இல்லை. அது ஒரு முதியவரின் இடுப்பெலும்பை முறித்தால், மருத்துவமனைச் செலவும் இழப்பீடும் ஓட்டியவரின் சேமிப்பிலிருந்தே செல்லவேண்டியிருக்கும். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு, 18 முதல் 70 வயது வரையிலான கணக்குதாரருக்கு, விபத்து மரணத்துக்கு 2 இலட்சம் ரூபாய் காப்பளிக்கிறது. ஆயினும் அது பாதிக்கப்படும் கணக்குதாரருக்கான காப்பு. அவர் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கானது அன்று. அத்திட்டத்தின் காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. இணைந்திருப்பவர்கள் மே மாத இறுதியில் கணக்கில் அத்தொகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.