எது பெரிய வெற்றி?



ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு நாடகம் போடுவதா, கும்மி அடிப்பதா, வில்லுப்பாட்டுப் பாடுவதா என்று ஒரே சண்டை. கணக்கு டீச்சர், "பிடிச்சதை வரிசையா சீட்டுல எழுதுங்க" என்று சொன்னாங்க. 40 சீட்டு சேர்ந்தது.

கும்மி, வில்லுப்பாட்டு, நாடகம் – 19 பேர்
நாடகம் மட்டும் – 16 பேர்
வில்லுப்பாட்டு, நாடகம், கும்மி – 5 பேர் (அதில் நானும் ஒருத்தி!)

இரண்டிரண்டாக மோதவிட்டோம். எழுதாமல் விட்டதற்குக் கடைசி இடம்.

நாடகம் 21 – கும்மி 19
கும்மி 19 – வில்லுப்பாட்டு 5
வில்லுப்பாட்டு 24 – நாடகம் 16

ஒன்றை ஒன்று ஜெயித்து, செக்கு மாடு மாதிரி சுற்றி வருது! இப்படி நடக்கும் என்று பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கொண்டோர்சே 1785-லேயே எழுதியிருக்கிறார்.

இதற்கு ஒரு வழி, மூன்றில் பலம் குறைந்த வெற்றியைத் தள்ளிவிடுவது. ஆனால் பலத்தை எப்படி அளப்பது?

1. ஓட்டு வித்தியாசம்: 2, 14, 8. நாடகத்தின் வெற்றி தள்ளுபடி. கும்மியை ஜெயிக்க ஆளில்லை. கும்மிக்கே முதலிடம்.

2. ஜெயித்த பக்கத்து ஓட்டு: 21, 19, 24. கும்மியின் வெற்றி தள்ளுபடி. வில்லுப்பாட்டுக்கு முதலிடம். டெபியன் என்ற கணினி மென்பொருள் குழுவினர் 2003 முதல் தங்கள் ஓட்டெடுப்பில் முதலில் பார்ப்பது இந்த அளவைத்தான்.

"ரெண்டாவதுதான் சரி டீச்சர்!" என்று குதித்தேன். "இதுல கும்மி ஜெயிச்சிருந்தாலும் இதையே சொல்வியா?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் வரவில்லை.

விடை ஏன் மாறுது? 16 பேர் ஒரே பெயர் எழுதியதால், கும்மியா வில்லுப்பாட்டா என்பதில் 24 பேர்தான் கருத்து சொன்னார்கள். 40 பேரும் முழுசா எழுதினால், ஒருவருக்கு 24 என்றால் மற்றவருக்கு 16தான். ஓட்டு கூடினால் வித்தியாசமும் கூடும். இரண்டு அளவும் ஒரே விடை தரும்.

அந்த 16 பேரையும் மிச்சத்தை எழுதச் சொன்னாங்க. 10 பேர் கும்மியை இரண்டாவதாகவும், 6 பேர் வில்லுப்பாட்டை இரண்டாவதாகவும் எழுதினார்கள். கும்மி 29 – வில்லுப்பாட்டு 11. இப்போது எப்படி அளந்தாலும் நாடகத்தின் 21தான் பலம் குறைந்தது. கும்மியே முதலிடம்!

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் தினமும் கும்மி பழகுகிறேன். ஓட்டுப் போடும் முன்பே அளவை முடிவு செய்யணும், சீட்டை முழுசா எழுதணும். இல்லாவிட்டால் அவரவர் ஆசைக்கு ஏற்ற அளவைத்தான் தேடுவோம், என்னை மாதிரி!



– 9ஆம் வகுப்பு மாணவி